சார்ஜ் கார்ட்: நிரப்பப்படாத ஒரு கட்டத்தின் வரலாறு

எங்கட சிநேகிதி ஒருத்தியின் அக்கா, லீசிங்கில் ஸ்கூட்டி ஒன்று எடுக்கப் போயிருந்தா. மூன்று வருஷமாக வேலை செய்கிறா. ஒருத்தரிட்டயும் ஐந்து சதம் கடன் வாங்கினதில்லை. அங்க இருந்த உத்தியோகத்தர் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கிரிப்பில உங்கட பேரில ஒண்டுமே இல்லையே தங்கச்சி" என்றாராம். அக்கா அதைப் பாராட்டு என்று நினைச்சுச் சிரிச்சிருக்கிறா. கடைசியில் இன்னொரு பிணையாளியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினார்கள்.

இந்தக் கதையை கன்டீனில் வைத்துத்தான் கேட்டோம். கடன் வாங்கிக் கட்டாதவரைச் சந்தேகிக்கிறது விளங்குது. கடனே வாங்காதவரை ஏன் சந்தேகிக்க வேணும்? பதிவில் ஒன்றும் இல்லை என்பது எப்படி ஒருவருக்கு எதிரான சாட்சியாகிறது?

இதைத் தேடப் போனதில் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆட்களின் கடன் பழக்கத்தைப் பதிந்து விற்கிற பணியகங்களும், அந்தப் பதிவை ஒரு எண்ணாகச் சுருக்குகிற 'கடன் புள்ளி'யும் வளர்ந்த இடம் அது. அங்கே அக்காவின் கதையை விட விசித்திரமான ஒன்று கிடைத்தது. மாதாமாதம் கணக்கை முழுசாகத் தீர்க்கிறவர்கள், அறிக்கையில் ஒரேயொரு கட்டம் நிரப்பப்படாமல் கிடந்ததால் புள்ளி குறைந்து நின்ற கதை. அந்தக் கட்டத்தின் பெயர் 'கடன் எல்லை'. அவர்கள் கையில் இருந்தது சார்ஜ் கார்ட்.

கடைக் கொப்பியிலிருந்து கோப்பு வரை

கடன் அறிக்கை வங்கிகளின் கண்டுபிடிப்பு என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அது வியாபாரிகளின் தேவையிலிருந்து வந்தது.

1837இல் அமெரிக்காவில் பெரிய நிதி நெருக்கடி ஒன்று வந்தது. நியூயோர்க்கில் பட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்த டப்பன் சகோதரர்கள் கடனுக்குக் கொடுத்த சரக்கின் காசு திரும்பி வராமல் விழுந்துபோனார்கள். தூர ஊர்களிலிருந்து வந்து கடனுக்குச் சரக்கு கேட்கிறவன் நம்பத்தக்கவனா என்று நியூயோர்க்கில் இருந்துகொண்டு எப்படி அறிவது? இந்தக் கேள்விக்கான பதிலையே ஒரு தொழிலாக்கினார் இளையவரான லூயிஸ் டப்பன். 1841இல் 'மேர்க்கன்டைல் ஏஜென்சி' தொடங்கியது. ஊரூராக நிருபர்கள், பெரும்பாலும் உள்ளூர்ச் சட்டத்தரணிகள், தங்கள் ஊர் வியாபாரிகளைப் பற்றி எழுதி அனுப்பினார்கள். இல்லினோயில் சட்டத்தரணியாக இருந்த ஆபிரகாம் லிங்கனும் அவர்களில் ஒருவர் என்று சொல்லப்படுகிறது.

அந்தப் பேரேடுகளில் இருந்தவை பெரும்பாலும் அபிப்பிராயங்கள். ஆள் குடிப்பாரா, உழைப்பாளியா, நேர்மையானவரா, சொத்து எவ்வளவு, பெண்சாதி வழியில் ஏதும் உண்டா. இப்படி நிரப்பப்பட்ட 2,500க்கும் மேற்பட்ட பேரேடுகள் இன்று ஹார்வர்ட் வணிகக் கல்லூரியின் நூலகத்தில் இருக்கின்றன. ஊர்க்கதை கேட்கிற பழக்கம் அங்கே காசாக்கப்பட்டது என்றும் சொல்லலாம்.

வியாபாரிகளோடு நின்ற இந்தப் பழக்கம் பிறகு சாதாரண வாடிக்கையாளர்களிடமும் வந்தது. 1899இல் அட்லாண்டாவில் வுல்ஃபோர்ட் சகோதரர்கள் 'ரீட்டெய்ல் கிரெடிட் கம்பனி'யைத் தொடங்கினார்கள். பலசரக்குக் கடைக்காரர்களிடம் போய், யார் ஒழுங்காகக் கட்டுகிறார் என்று கேட்டு எழுதி, அதைப் புத்தகமாக்கி மற்றக் கடைக்காரர்களுக்கு விற்றார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மிகச் சுருக்கமான குறிப்பு: உடன் கட்டுபவர், தாமதிப்பவர், காசுக்கு மட்டும் கொடுக்கவும். இன்று ஈக்விஃபக்ஸ் என்று அறியப்படுகிற மாபெரும் கடன் பணியகத்தின் ஆரம்பம் இதுதான். அந்தப் பெயர் 1975இல்தான் வந்தது.

இந்த இடத்தில் எங்களுக்கு எங்கட ஊர்க் கடைக் கொப்பி ஞாபகம் வந்தது. மாத முடிவில் அப்பா போய்க் கணக்குத் தீர்க்கிற கொப்பி. அதில் 'எல்லை' என்று ஒரு கட்டம் கிடையாது. எல்லை முதலாளியின் மனதில் இருக்கும். இவையளுக்கு இவ்வளவு மட்டும் கொடுக்கலாம் என்று அவருக்குத் தெரியும். நாங்கள் கேட்டால் சொல்லமாட்டார். தாண்டப் போகிற நேரத்தில், "அப்பாவை ஒருக்கா வரச் சொல்லு தம்பி" என்பார். அவ்வளவுதான்.

சார்ஜ் கார்ட் அந்த மனக்கணக்கின் வாரிசு.

ஒரு மாதம் என்ற எல்லை

அமெரிக்கப் பெருங்கடைகள் இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே தங்கள் வாடிக்கையாளர்களுக்குக் கணக்கு வைத்திருந்தன. மாதம் முழுக்க வாங்கலாம், பில் வந்ததும் முழுசாகக் கட்ட வேண்டும். ஆனால் ஒரு கடையின் கணக்கு அந்தக் கடைக்கு மட்டும்தான்.

பல கடைகளுக்குப் பொதுவான கணக்கு என்ற யோசனையை 1950 பெப்ரவரியில் நியூயோர்க்கில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஃபிராங்க் மக்நமாரா. உணவகத்தில் சாப்பிட்டுவிட்டுப் பணப்பையை மறந்ததை உணர்ந்து வெட்கப்பட்டார், அதிலிருந்து 'டைனர்ஸ் கிளப்' பிறந்தது என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதை விளம்பரத்துக்காகச் சமைக்கப்பட்டது என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். கதை எப்படியிருந்தாலும் கார்ட் உண்மை. முதல் கார்டுகள் தடித்த கடதாசி மட்டையால் ஆனவை. நகரத்தின் சில உணவகங்களில் மட்டும் செல்லுபடியானவை. உணவகம் தனது பில்லில் 7 வீதத்தைக் கம்பனிக்கு விட்டுக்கொடுத்தது. வாடிக்கையாளர் மாத முடிவில் முழுத்தொகையையும் கட்டினார்.

இந்தக் கடைசி வசனம்தான் முக்கியம். முழுத்தொகையையும். மிச்சம் வைக்கிற உரிமை இல்லை, அதனால் மிச்சத்துக்கு வட்டியும் இல்லை. 1958 ஒக்டோபரில் வந்த அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டும் இதே வகைதான். சார்ஜ் கார்ட் என்றால் இதுதான் பொருள்: கார்டில் வாங்கு, பில் வந்ததும் தீர்.

இப்படியான கார்டுக்குத் தொகை எல்லை பெரிய தேவையாக இருக்கவில்லை. கடன் ஒரு மாதத்துக்கு மேல் வளர முடியாது. அடுத்த மாதம் கட்டவில்லையா, கார்டை நிறுத்து. அங்கே காலம்தான் வேலி.

தொகை என்ற எல்லை

அதே 1958 செப்டெம்பரில், கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் வேறொரு பரிசோதனை நடந்தது. பேங்க் ஒஃப் அமெரிக்கா, கேட்காமலேயே ஏறத்தாழ 60,000 பேரின் வீடுகளுக்கு 'பேங்க்அமெரிகார்ட்' என்ற அட்டையைத் தபாலில் அனுப்பியது. இன்று விசா என்று சொல்கிற வலையமைப்பின் முன்னோடி அது. இதில் பில்லை முழுசாகக் கட்டலாம், அல்லது கொஞ்சம் கட்டி மிச்சத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம். தள்ளிய மிச்சத்துக்கு வட்டி.

மிச்சத்தைத் தள்ளலாம் என்றவுடன் காலம் என்ற வேலி விழுந்துவிடுகிறது. கடன் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வளரலாம். எனவே வேறொரு வேலி தேவைப்பட்டது. ஒவ்வொரு கார்டுக்கும் 300 முதல் 500 டொலர் வரை எல்லை வைத்தார்கள். அப்படியும் கணக்குப் பிழைத்தது. கார்ட்காரரில் 4 வீதம் பேர் கட்டத் தவறுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தார்கள். தவறியவர்கள் 22 வீதம். கேட்காமலே கார்ட் அனுப்புகிற பழக்கத்தை அமெரிக்கா 1970இல் சட்டத்தால் தடை செய்தது. ஆனால் எல்லையோடு கூடிய கடனட்டை நிலைத்துவிட்டது.

பார்க்க ஒரே அளவு பிளாஸ்டிக் துண்டுதான். ஆனால் சார்ஜ் கார்ட் நாளை வைத்தும், கடனட்டை தொகையை வைத்தும் ஆளைக் கட்டுப்படுத்துகின்றன. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்திருங்கள். பிறகு வரப்போகிற சிக்கல் முழுக்க இதில் இருந்துதான் வருகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேணும். சார்ஜ் கார்ட் விளம்பரங்களில் 'முன்கூட்டி நிர்ணயிக்கப்பட்ட செலவு எல்லை இல்லை' என்று போடுவார்கள். இதை எல்லையே இல்லை என்று வாசிக்கிறது பிழை. ஒவ்வொரு முறை கார்டை நீட்டும்போதும், இந்த ஆளின் வழமையான செலவு எவ்வளவு, முன்பு ஒழுங்காகக் கட்டினாரா, வருமானம் என்ன என்று பார்த்துக் கம்பனி அனுமதிக்கும் அல்லது மறுக்கும். எல்லை இருக்கிறது. அது அசைகிறது, எழுதிவைக்கப்படவில்லை. கடை முதலாளியின் மனக்கணக்கைக் கணினிக்கு மாற்றியது போல.

புள்ளி பிறக்கிறது

இதே காலத்தில் இன்னொரு பக்கத்தில் பில் ஃபெயர் என்ற பொறியியலாளரும் ஏர்ல் ஐசக் என்ற கணிதவியலாளரும் 1956இல் கலிபோர்னியாவில் ஆளுக்கு 400 டொலர் போட்டு ஒரு கம்பனி தொடங்கினார்கள். கடன் கேட்டு வருகிறவரின் விபரங்களுக்குப் புள்ளி போட்டு, அவர் கட்டுவாரா மாட்டாரா என்று புள்ளிவிபரவியலால் கணிக்கலாம் என்பது அவர்களின் யோசனை. 50 பெரிய கடன் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். பதில் போட்டது ஒன்றே ஒன்று.

அவர்களின் யோசனைக்கு வழி திறந்ததில் சட்டங்களுக்கும் பங்குண்டு. கடன் பணியகங்களின் கோப்புகளில் ஆட்களின் குடி, குடும்பச் சண்டை, ஒழுக்கம் பற்றிய வம்புகளெல்லாம் இருந்தன என்பது 1960களின் இறுதியில் அம்பலமானது. 1970இல் வந்த நியாயமான கடன் அறிக்கைச் சட்டம், தன்னைப் பற்றிய கோப்பில் என்ன இருக்கிறது என்று அறியவும் பிழையை மறுக்கவும் உரிமை கொடுத்தது. 1974இல் வந்த சம கடன் வாய்ப்புச் சட்டம், பால், திருமண நிலை என்பவற்றை வைத்துக் கடன் மறுப்பதைத் தடுத்தது. 1976இல் அந்தப் பட்டியலில் இனம், மதம், வயது போன்றவையும் சேர்ந்தன.

அதற்கு முன் கலியாணம் முடித்த ஒரு பெண் அமெரிக்காவில் கடன் கேட்டுப் போனால், அவளுக்குச் சொந்தச் சம்பளம் இருந்தாலும் புருஷனின் கையெழுத்தைக் கேட்கிற கடைகளும் வங்கிகளும் நிறைய இருந்தன. இருவரும் பாவித்த கணக்குக்கூடப் புருஷனின் பெயரில்தான் பணியகத்துக்குப் போகும். இருபது வருஷம் அவளே பில் கட்டியிருப்பாள். புருஷன் இறந்தால், அல்லது விவாகரத்தானால், அவளின் கோப்பைத் திறந்து பார்க்கிறவருக்கு வெறும் தாள்தான் தெரியும். 1977இலிருந்துதான் இருவரும் பாவிக்கிற கணக்கை இருவரின் பெயரிலும் அறிவிக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஸ்கூட்டி எடுக்கப் போன அக்காவை இந்த இடத்தில் மறுபடி நினைத்தோம். கோப்பு வெறுமையாக இருக்கப் பல காரணங்கள் இருக்கலாம். கோப்பை வாசிக்கிறவருக்கு அந்தக் காரணங்கள் தெரியாது.

1989இல் ஃபெயர் ஐசக் கம்பனியின் பொதுப்புள்ளி வந்தது. ஃபைகோ என்று சொல்வார்கள். 300 முதல் 850 வரை. 1995இல் அமெரிக்க வீட்டுக்கடன் சந்தையைத் தாங்கி நிற்கிற ஃபனி மே, ஃபிரெடி மக் என்ற இரு பெரும் நிறுவனங்கள் இதைப் பாவிக்கச் சொன்னதோடு, ஒரு வீட்டின் வட்டியையே தீர்மானிக்கிற எண்ணாக அது வளர்ந்தது.

அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது? கம்பனியே சொல்கிற பொதுவான பங்கீடு இது. ஒழுங்காகக் கட்டினாரா என்பதற்கு 35 வீதம். எவ்வளவு கடனில் இருக்கிறார் என்பதற்கு 30. கணக்குகளின் வயதுக்கு 15. புதிதாகக் கேட்ட கடன்களுக்கு 10. கடன் வகைகளுக்கு 10.

இரண்டாவதைக் கவனியுங்கள். 'எவ்வளவு கடன்' என்பதில் டொலர் தொகை மட்டுமில்லை, எல்லையில் எத்தனை வீதத்தைப் பாவித்திருக்கிறார் என்பதும் பெரிய விஷயம். 5,000 டொலர் எல்லையில் 500 நிலுவை என்றால் 10 வீதம். 4,800 என்றால் 96 வீதம். எல்லையை முட்டி நிற்கிறவர்கள் பிறகு கட்டத் தவறுவது அதிகம் என்று புள்ளிவிபரம் சொன்னதால், வீதம் ஏற ஏறப் புள்ளி இறங்கும்.

நிலுவையை எல்லையால் பிரிக்க வேண்டும். சரி, எல்லை என்ற கட்டம் வெறுமையாக இருந்தால் எதால் பிரிப்பது?

இயந்திரத்தின் ஊகம்

கடன் அறிக்கையில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வரிசை இருக்கும். நிலுவை, கடன் எல்லை, இதுவரை ஏறிய ஆகக்கூடிய நிலுவை, கட்டிய விபரம். சார்ஜ் கார்டுக்கு எழுதிவைத்த எல்லை இல்லாததால் அந்தக் கட்டம் நிரப்பப்படாமல் போனது. ஃபைகோவின் பழைய பதிப்புகள் அந்த இடத்தில் பக்கத்துக் கட்டத்தை எடுத்துப் போட்டன. ஆகக்கூடிய நிலுவைதான் எல்லை என்று வைத்துக்கொண்டன.

இது செய்கிற வேலையை ஒரு கற்பனைக் கணக்கால் பார்ப்போம். ஒருவர் சார்ஜ் கார்டில் மாதம் 1,900 டொலர் அளவில் செலவழிக்கிறார், மாதாமாதம் முழுசாகக் கட்டுகிறார். ஒரு மாதம் மட்டும் 2,000 வரை போயிருக்கிறது. கட்டுகிறவருக்கு ஏன் நிலுவை என்று கேட்பீர்கள். பணியகத்துக்குப் போகிறது பெரும்பாலும் பில் அடிக்கிற நாளின் தொகை. அடுத்த கிழமை அவர் கட்டினாலும் அறிக்கையில் 1,900 நிற்கும். இயந்திரம் 1,900ஐ 2,000ஆல் பிரிக்கும். 95 வீதம்! கழுத்துவரை கடனில் நிற்கிற ஆளைப் போலத் தெரிவார்.

அவரிடம் 5,000 எல்லையுள்ள கடனட்டையும் இருக்கிறது, அதில் 500 நிலுவை என்று வைப்போம். கடனட்டையை மட்டும் பார்த்தால் 10 வீதம். இரண்டையும் சேர்த்தால் 7,000இல் 2,400. ஏறத்தாழ 34 வீதம். ஒழுங்காகக் கட்டிய சார்ஜ் கார்ட் அவரை மேலே தூக்குவதற்குப் பதிலாகக் கீழே இழுக்கிறது.

இதே ஆள் ஒரு மாதம் திடீரென்று 10,000 டொலருக்கு விமானச் சீட்டுகளும் தளபாடமும் வாங்கித் தீர்த்தார் என்று வையுங்கள். இப்போது ஆகக்கூடிய நிலுவை 10,000. அடுத்த மாதம் பழையபடி 1,900 செலவழித்தால் 19 வீதம்தான். சிக்கனமாக, மாதாமாதம் ஒரே அளவில் செலவழிக்கிறவர் ஆபத்தானவராகவும், ஒருமுறை அள்ளி இறைத்தவர் பாதுகாப்பானவராகவும் மாறிவிடுகிறார்கள். இயந்திரத்துக்கு எவர் மேலும் கோபமில்லை. இருக்கிற கட்டங்களை வைத்துத்தான் அது யோசிக்கும்.

இதில் எங்களுக்கு ஆகவும் உறுத்தின விஷயம் வேறு. நீண்ட காலமாக ஆட்களுக்குத் தங்கள் புள்ளியே தெரியாது. கடன் கொடுக்கிறவருக்கு மட்டும்தான் அந்த எண் சொல்லப்பட்டது. 2001 அளவில்தான் சாதாரண ஒருவர் தன்னுடைய ஃபைகோ புள்ளியைப் பார்க்க வழி பிறந்தது. 2003இல் வந்த சட்டம் வருஷத்துக்கு ஒருமுறை கடன் அறிக்கையை இலவசமாகக் கேட்கிற உரிமையை நாடு முழுக்கக் கொடுத்தது. அதுவரை, தனக்கு எதிராக நிற்கிறது ஒரு வெறும் கட்டம் என்று ஒருவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

வேண்டுமென்றே விடப்பட்ட கட்டங்கள்

சார்ஜ் கார்டில் எல்லை என்ற எண் உண்மையிலேயே எழுதப்படவில்லை. அதனால் கட்டம் வெறுமை. ஆனால் எல்லை தெளிவாக இருந்த சாதாரணக் கடனட்டைகளிலும் அதே கட்டம் வெறுமையாகக் கிடந்தது. ஏனென்றால் சில கடனட்டை நிறுவனங்கள் எல்லையைப் பணியகத்துக்கு அறிவிக்காமல் விட்டன. ஒழுங்காகக் கட்டுகிற நல்ல வாடிக்கையாளர் யார், அவருக்கு எவ்வளவு எல்லை கொடுத்திருக்கிறோம் என்று போட்டிக் கம்பனிக்குத் தெரிந்தால் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம்.

அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசேர்வின் ஆய்வாளர்கள் 2003, 2004 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. 2003ஆம் ஆண்டு மாதிரியில், ஏறத்தாழ பாதிப் பேரின் அறிக்கையில் குறைந்தது ஒரு கணக்குக்காவது எல்லை பதியப்படாமல் இருந்தது. அங்கேயும் பதிலுக்கு எடுத்தது ஆகக்கூடிய நிலுவையைத்தான். ஒருவர் இதுவரை ஏற்றிய ஆகக்கூடிய நிலுவை பொதுவாக அவரின் உண்மையான எல்லையை விடக் குறைவு. எனவே வீதம் உண்மையை விடக் கூடத் தெரியும், புள்ளி உண்மையை விடக் குறைந்து நிற்கும். கம்பனிகள் தங்கள் சந்தையைப் பாதுகாத்தன. அதற்கான விலையை வாடிக்கையாளர் வேறொரு வங்கியில் கூடின வட்டியாகக் கட்டினார்.

2009இல் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் வெளியிட்ட, 2010 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்த விதிகளின் வழிகாட்டல்கள், எல்லை இருக்கிற கணக்குக்கு அதையும் அறிவிக்க வேண்டும் என்று குறிப்பிட்டன. சார்ஜ் கார்ட் விஷயத்தில் புள்ளிக் கம்பனியே தன் கணக்கைத் திருத்தியது. ஃபைகோவின் புதிய பதிப்புகள் மாதாமாதம் முழுசாகத் தீர்க்க வேண்டிய கணக்குகளைத் தனி வகையாக அடையாளம் கண்டு, எல்லையில் எத்தனை வீதம் என்ற கணக்கிலிருந்து விலக்கிவிடுகின்றன. ஆனால் பழைய பதிப்புகள் ஒரே நாளில் செத்துவிடவில்லை. எந்தக் கடன் நிறுவனம் எந்தப் பதிப்பைப் பாவிக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே ஆளுக்கு ஒரே நாளில் வேறு வேறு புள்ளிகள் வரலாம்.

சார்ஜ் கார்ட் அறிக்கையிலிருந்தே மறைந்துவிட்டது என்றும் இதற்குப் பொருளில்லை. கணக்குத் திறக்கும்போது நடக்கிற விசாரணை, கணக்கின் வயது, ஒழுங்காகக் கட்டிய மாதங்கள், எல்லாம் பதிவாகும். 30 நாளுக்கு மேல் பிந்தினால் அதுவும் பதிவாகும். அது பெரிய அடி. எல்லை இல்லை என்பதற்காகப் பிழைக்கு மன்னிப்பும் இல்லை.

சார்ஜ் கார்டும் கடனட்டையும் ஒன்றையொன்று நெருங்கியும் வந்துவிட்டன. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1987இலேயே மிச்சம் வைக்கக்கூடிய கடனட்டை ஒன்றைக் கொண்டுவந்தது. இப்போது அதன் பழைய சார்ஜ் கார்ட் வகைகளிலும் தெரிவுசெய்த தொகையை வட்டியோடு பிறகு கட்டுகிற வசதி உண்டு. முழுசாகத் தீர்க்கிற கார்டா, தள்ளிவைக்கிற கார்டா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. எந்தக் கட்டத்தில் போடுவது என்ற பழைய கேள்வி மறுபடியும் வரும்.

இஞ்ச எங்களுக்கு என்ன?

எங்களில் பெரும்பாலானோர் சார்ஜ் கார்டைக் கையால் தொட்டதே இல்லை. பிறகு ஏன் இவ்வளவு எழுதினோம்?

ஏனென்றால் இந்தப் பொறி எங்கட நாட்டுக்கும் வந்து கனகாலம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் உருவாக்கப்பட்டது. தெற்காசியாவில் இப்படியான முதல் பணியகம் அது. அதைத்தான் எல்லோரும் கிரிப் என்கிறோம். 'கிரிப்பில பேர் விழுந்திட்டுது' என்று பயந்த குரலில் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கிரிப் என்றாலே கறுப்புப் பட்டியல் என்றுதான் எங்கட வீடுகளில் நினைப்பு. உண்மையில் ஒழுங்காகக் கட்டியதும் அங்கே பதிவாகிறது. நல்லதும் கெட்டதும் ஒரே அறிக்கையில்.

சார்ஜ் கார்டின் கதையிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது மூன்று.

ஒன்று, கடன் எல்லை என்ற எண் எங்களைப் பற்றியது போல் தோன்றினாலும் அதை வைக்கிறது கடன் கொடுக்கிறவர். அது எங்கட வருமானமுமில்லை, எங்கட நாணயமுமில்லை. கடனட்டையின் எல்லையைக் கூட்டித் தருகிறோம் என்று அழைப்பு வரும்போது, பதவி உயர்வு கிடைத்த மாதிரிச் சந்தோஷப்படுகிற ஆட்களைப் பார்க்கிறோம். எவ்வளவு தூரம் கடனில் போக விடலாம் என்று அவர்கள் போட்ட கணக்கு அது.

இரண்டு, வெறும் கட்டத்தை இயந்திரம் வெறுமையாக விட்டுவைக்காது. தனக்குத் தெரிந்ததால் நிரப்பும். கணக்கு முழுக்கப் புருஷனின் பெயரில் போன பெண்ணுக்கும், எல்லை எழுதாத கார்ட் வைத்திருந்தவருக்கும் அதுதான் நடந்தது. எங்கட ஊரில் இதை இன்னும் யோசிக்க வேணும். இஞ்ச எத்தனை அம்மாமார் சீட்டுப் பிடித்து, நகை அடகு வைத்து மீட்டு, கடைக் கொப்பியில் ஒரு சதம் பிசகாமல் கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். அந்த நாணயம் ஊருக்குத் தெரியும். வங்கிக் கணினிக்குத் தெரியாது. தெரியாததை அது 'இல்லை' என்று வாசிக்கும்.

மூன்று, திருத்தம் தானாக வரவில்லை. கோப்பைப் பார்க்கிற உரிமையைச் சட்டமாக்கினார்கள். ஆய்வாளர்கள் நிரப்பப்படாத கட்டங்களை எண்ணிக் காட்டினார்கள். அதன் பிறகுதான் விதிகளும் மாறின. தன்னுடைய கோப்பைப் பார்க்காத ஒருவருக்கு அதில் பிழை இருக்கிறதா என்று தெரியப் போவதில்லை.

பணியகத்துக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டினால் எங்கட சொந்த அறிக்கையை நாங்களும் எடுத்துப் பார்க்கலாம். கடன் கேட்டுப் போகிற நாளில் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் வாசித்துச் சொல்ல முதல், நாங்களே ஒருக்கா வாசித்து வைத்திருக்கிறது நல்லம். கட்டி முடித்த கடன் இன்னும் திறந்து கிடக்கிறதா, யாருக்கோ பிணை நின்றது எங்கட பெயரில் இருக்கிறதா என்று பார்க்க வேணும்.

அக்கா கடைசியில் ஸ்கூட்டி எடுத்துவிட்டா. இரண்டாவது பிணையாளியாகக் கையெழுத்து வைத்தவர் அவவின் தாய்மாமா. மாமாவின் கோப்பில் வரிசை வரிசையாகப் பதிவுகள் இருந்தனவாம். உழவு இயந்திரத்துக்கு எடுத்த லீசிங், வீட்டுக்கடன், ஒரு கடனட்டை. இடையில் இரண்டு தடவை பிந்தியும் கட்டியிருக்கிறார். அந்த உத்தியோகத்தருக்கு அது பரவாயில்லை. வாசிக்க ஏதோ இருந்ததே.

மாதம் பிறந்தால் அக்கா இப்போது தவணைக்கு முதல் நாளே போய்க் கட்டுகிறாவாம். "என்ர பேரிலயும் ஏதாவது எழுதட்டும்" எண்டுறா.